வெட்டுப்பாறையில் நோயாளி இல்லை

பார்க்க வருகிறவர்கள் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று வெட்டுப்பாறை ஊரே கூடி முடிவெடுத்தது. பழனி மலையில் அதைவிடப் பெரிய மடத்தனம் நடந்ததில்லை என்று நர்ஸ் இசபெல்லா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளும் அதற்கு உடந்தைதான். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். கொடைக்கானலில் சீசன். மெட்ராஸில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் பெரிய அதிகாரிகளுக்கு மலையில் வாழ்கிற ஜனங்களின் ஞாபகம் வரும். அந்த வருஷமும் வந்தது. ஆஸ்பத்திரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று தாலுகா ஆபீஸ் பியூன் வந்து சொல்லிவிட்டுப் போனான். எதற்காகப் பார்வையிடுகிறார்கள் என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி என்பது பேச்சுக்குத்தான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, அப்புறம் இசபெல்லா. கொடைக்கானலில் பிறந்து மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவள் அவள். அரசாங்க நர்ஸாக வெட்டுப்பாறைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பூண்டியில் இறங்கி மூன்று மைல் ஏறினால் ஊர். பூண்டியிலிருந்து கொடைக்கானலுக்கு இன்னும் இருபத்தைந்து மைல். கேரட் லாரி கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் முருகன் விட்ட வழி. அந்த அறை வருவதற்கு முந்தின வருஷம் ஊர்த்தலைவர் கந்தவேலின் மூத்த மகன் வயிற்று நோவில் துடித்தான். டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். மன்னவனூரைத் தாண்டுவதற்குள் டோலியிலேயே முடிந்துபோனான். அதன்பிறகுதான் கந்தவேல் தன் பூண்டுக் காட்டில் ஐந்து சென்ட் எழுதிக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, காலில் விழாத குறையாக அந்தத் தகரக் கூரையை ஊருக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கந்தவேல்தான் நோயாளிகளை ஒளிக்கச் சொன்னார்.

"சீக்காளி ஒருத்தரும் அன்னைக்கு வெளிய தல காட்டக் கூடாது. ஊருக்கு டாக்டரப் போடலாமா வேணாமான்னு பாக்கத்தான் வர்றாக. புண்ணும் சீழுமா போய் எதுக்க நின்னா எந்த டாக்டரு இங்கன வருவாரு?"

அந்த ஊரில் அம்மன் புறப்பாட்டு அன்று உடம்புக்கு முடியாதவர்கள் தெருவுக்கு வர மாட்டார்கள். பெண் பார்க்க வந்தாலும் அதே முறைதான். விருந்தாளி முன்னால் இருமுவதுகூட மரியாதைக் குறைவு. அதிகாரி என்பவர் விருந்தாளிக்கும் ஒருபடி மேல்.

"சீக்கே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டுட்டா என்ன செய்யிறது தலைவரே?" என்று இசபெல்லா கேட்கத்தான் செய்தாள்.

"அப்பிடிக் கேப்பாகளா நர்ஸம்மா? படிச்சவுக!"

அவளுக்கும் ஆசை விடவில்லை. ஐந்து வருஷமாக அவள் எழுதாத மனு இல்லை. ஒரு டாக்டர், மாதத்தில் நாலு நாள் வந்தால் போதும். ஊர் இவ்வளவு பிரியமாக ஏற்பாடு செய்யும்போது குறுக்கே விழுவானேன் என்று விட்டுவிட்டாள். ராக்காயிக்கு முழங்காலுக்குக் கீழே மண்வெட்டி வெட்டிய புண், ஆறாமல் நாற்றம் எடுத்தது. தினமும் வந்து கட்டுப்போட்டுக்கொண்டு போகிற அவளை, வெள்ளனே கட்டு மாற்றி, "இன்னிக்கு ஒருநாள் வீட்டுக்குள்ளயே கெட தாயி" என்று இசபெல்லாவே அனுப்பி வைத்தாள். உருளைக்கிழங்குக்கு மருந்தடித்துக் கை வெந்துபோன வேலுமணி, நிறைமாதக் கர்ப்பிணி அன்னக்கொடி, கக்குவான் இருமல் பிள்ளைகள், எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நாலு கோழி அடித்தார்கள்.

மூன்று ஜீப்பில் ஒன்பது பேர் வந்தார்கள். குழுத் தலைவர் நரைத்த மீசைக்காரர், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். சுற்றிப் பார்த்துவிட்டு, "நோயாளிங்க எங்கே?" என்று கேட்டார்.

கந்தவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க ஊர்ல சீக்குன்னு ஒரு சீவன் கெடையாதுங்க ஐயா! நர்ஸம்மா அப்பிடிப் பாத்துக்கிறாக!"

அவளைப் பாராட்டத்தான் சொன்னார் பாவம். குழுத் தலைவர் மேஜைமேல் இருந்த நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டினார். போன மாதம் நூற்றுப் பதினோரு பேர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பொய்யாக எழுதி வைத்துச் சம்பளம் வாங்குகிறாள் என்று அர்த்தம். வாயைத் திறந்தாள். எதிரே கந்தவேலின் முகம், பின்னால் புதுவேட்டி கட்டிய ஊர். ஊர்த்தலைவரைப் பத்து பேர் முன்னால் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? "இன்னிக்கு யாரும் வரலைங்க சார்" என்று மட்டும் சொன்னாள். கோழிக் குழம்பு ருசி என்று எல்லாரும் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்கள்.

சனிக்கிழமை மருந்து வாங்கக் கொடைக்கானல் போனவள், தம்பி ஆரோக்கியதாஸைப் பார்க்கப் போனாள். அரசாங்க விருந்தினர் மாளிகையில் அவன் சமையல்காரன். பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, ஒங்க ஊருக்கு வந்தது டாக்டர் போடுற கமிட்டி இல்ல. சிக்கனக் கமிட்டி. நாட்டுக்கு ரொம்பக் கடனாம். எதை எதை மூடலாம்னு லிஸ்ட் போடுறாங்க. நேத்து டின்னர்ல பேசிக்கிட்டாங்க. வெட்டுப்பாறை மொதல்ல இருக்கு. 'நோயாளியே இல்ல, ரெஜிஸ்டர் பூராப் பொய்யி'ன்னு அந்த மீசைக்காரர் சொன்னாரு. திங்கக்கெழமை கையெழுத்துப் போட்டுட்டு எறங்குறாங்க."

இசபெல்லாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். எட்டு அறைக்கும் கணப்பு எரிக்க வண்டி விறகு வந்து இறங்கியிருந்தது. புதுக் கம்பளம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஜீப்புகள் ஏரிக்கும் பேரிஜம் காட்டுக்கும் போய்வந்து சேற்றோடு நின்றன. பத்து நாளாக இதுதான் நடக்கிறதாம். சிக்கனத்தை யோசிக்கக்கூடக் குளிர்ந்த இடம் வேண்டியிருக்கிறது! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இங்கே ஊற்றுவது, அங்கே ராக்காயி கால் கட்டுக்கான பஞ்சில் மிச்சம் பிடிப்பது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்றால், நாட்டுக்கு இளைத்தது வெட்டுப்பாறை.

அன்று சாயங்காலமே மலை ஏறிவந்து கந்தவேலிடம் சொன்னாள். ஆத்திரத்தில் அவரையும் விட்டுவைக்கவில்லை. "சீக்கு இல்லைன்னு மார்தட்டுனீங்களே! என்னைத் திருடின்னு எழுதிட்டாங்க. ஆஸ்பத்திரிய மூடப்போறாங்க. நல்லா இருக்கா?"

 தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எம் மகன் செத்ததுக்குப் பெறகு வந்தது இது. நானே சாகடிச்சிட்டேன்" என்றார் கடைசியில். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "பாக்கலைன்னுதான எழுதுனாக? காட்டிப்புடுவோம். திங்கக்கெழம பூண்டி லாரில அம்புட்டுப் பேரும் கெளம்புங்க."

திங்கட்கிழமை கோழி கூப்பிடக் கிளம்பினார்கள். பூண்டிவரைக்கும் மூன்று மைல் நடக்க முடியாத ராக்காயியைக் கட்டிலோடு தூக்கினார்கள். அன்னக்கொடி வரவேண்டாம் என்று இசபெல்லா தடுத்தும் கேட்கவில்லை. "நாளைக்கி வலி எடுத்தா இதே வழிதான நர்ஸம்மா, இன்னைக்கே பழகிக்கிறேன்" என்றாள். வழியில் மூன்று இடத்தில் லாரியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். கேரட் மூட்டைகள் மேலே உட்கார்ந்து முப்பத்திரண்டு பேர் விருந்தினர் மாளிகைப் புல்வெளியில் வந்து இறங்கியபோது மணி பதினொன்று.

குழு அப்போது ரோஜாச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. ஒரு குமாஸ்தா ஓடிவந்து தடுத்தான். இசபெல்லா அவனைச் சட்டை செய்யாமல் நேரே குழுத் தலைவர் முன்னால் போய்ப் பதிவேட்டை நீட்டினாள்.

"நோயாளி இல்லைன்னு எழுதியிருக்கீங்களாம் சார். இந்தா நிக்கிறாங்க. பேரைப் படிங்க, ஆளு கை தூக்குவாங்க. அன்னிக்கு உங்க மரியாதைக்காகத்தான் வீட்டுக்குள்ள இருந்தாங்க. தப்பு எங்க மேலதான். ஆனா நான் பொய் எழுதலை."

தலைவர் எழுந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அம்மா, உங்களைத் தப்பா நினைச்சதுக்கு வருத்தப்படறேன். அந்த வரியை எடுத்துடச் சொல்றேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். அரசாங்கம் கடன்ல மூழ்கிட்டிருக்கு. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுசாக் கடன் வாங்கறோம். இப்படியே போனா நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கவே பணம் இருக்காது. எங்கேயாவது வெட்டித்தானே ஆகணும்? உங்க வீட்டுல கடன் வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"எங்க வீட்டுலயும் கடன் வந்துச்சு சார்" என்றாள் இசபெல்லா.  "எங்கப்பா மரியசூசை கெழங்கு யாவாரத்துல நொடிச்சுப் போனாரு. கடன்காரன் வாசல்ல நின்னான். எங்கம்மா செலவைக் குறைச்சா. குறைக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. மொதல்ல அப்பாவோட சுருட்டை நிறுத்துனா. ஞாயித்துக்கெழமைக் கறிய நிறுத்துனா. தன் தோட்டைக் கழட்டிக் குடுத்தா. தம்பிக்கு நெஞ்சு சளி, அவனுக்கு வாங்குற அரைப்படிப் பாலை மட்டும் கடைசிவரைக்கும் நிறுத்தலை. கடனும் அடைஞ்சுச்சு, பிள்ளையும் பிழைச்சான். அந்தப் பிள்ளைதான் சார் பத்து நாளா உங்களுக்கு மீன் வறுத்துப் போடுறான். நீங்க மொதல்லயே பால்ல கை வைக்கிறீங்க!"

சமையல்கட்டு வாசலில் நின்ற ஆரோக்கியதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். நாற்காலியில் இருந்த ஒருவர் காப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். புல்வெளியில் பிள்ளைகளின் இருமல் மட்டும் கேட்டது. இசபெல்லாவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

தலைவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு பேரும் எப்படி வந்தீங்க?"

"லாரில சார்."

"எப்போ கிளம்பினீங்க?"

"வெள்ளனே சார். கோழி கூப்பிட."

"கட்டில்ல இருக்கிற அந்தம்மாகூட வந்திருக்காங்க. கர்ப்பிணிகூட." அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. கணக்குக்கு விடை வந்துவிட்ட வாத்தியாரின் நிம்மதி. "அப்ப வர முடியுது இல்லையா? இங்கே டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் இருக்கு. அங்கே தனியா ஒரு கட்டடம், ஒரு நர்ஸ், அதுக்கு மருந்து எதுக்கு?" குமாஸ்தா பக்கம் திரும்பினார். "'நோயாளிகள் கொடைக்கானல் வந்து செல்ல வசதி உள்ளது.' இப்படி எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதினான்.

இசபெல்லா அவன் பேனாவையே பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது ஒருமுறை என்றால் பொறுக்கலாம். வீட்டுக்குள் இருந்தால் நோயே இல்லை என்கிறான். சாகக் கிடந்தாலும் தூக்கி வந்து காட்டினால் வர முடிகிறதே என்கிறான். இவர்கள் கண்ணுக்கு ஏழை எப்படித்தான் நிற்க வேண்டும்? செத்து நின்றால்தான் தெரியுமா?

கந்தவேல் முன்னால் வந்தார். அன்றைக்குப் போலத் துண்டு இடுப்புக்குப் போகவில்லை, தோளிலேயே கிடந்தது.

"வர முடியும்னு எழுதிட்டீகளா ஐயா?"

"எழுதியாச்சு பெரியவரே."

"சரி. திரும்பிப் போக முடியாது. அதையுஞ் சேத்து எழுதிக்கோங்க." சொல்லிவிட்டு அவர் தலைவரின் நாற்காலிக்கு எதிரே புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "ஏலே, கட்டில நெழல்ல போடுங்கடா. ஆஸ்பத்திரிய மூடிட்டாகள்ல? இனிமே இதுதான் நம்ம ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போட்டாலும் சரி, போலீசக் கூப்பிட்டாலும் சரி, எனக்கு வேற சோலி இல்ல."

முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி ரோஜாச் செடி ஓரமாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். ராக்காயி யாரும் சொல்லாமலே கால் கட்டை அவிழ்த்தாள். புண்ணின் நாற்றம் காப்பி மேஜைவரைக்கும் போனது. ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். தலைவர் பொத்தவில்லை. ஆனால் பார்க்கவும் இல்லை.

இசபெல்லா மருந்துப் பெட்டியைத் திறந்து, புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, வெந்நி வேணும்" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

ஆரோக்கியதாஸ் ஒரு கணம் தயங்கினான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது தலைவர் குளிப்பதற்கு வைத்த வெந்நீர். குமாஸ்தா வேண்டாம் என்று கையை ஆட்டினான். வேலை போய்விடும் என்பது ஆரோக்கியதாஸுக்கும் தெரியும். அவன் அண்டாவைத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கி வந்து, எல்லார் கண் முன்னாலும் நடந்து, அக்கா பக்கத்தில் இறக்கி வைத்தான்.

அவள் ராக்காயியின் காலைக் கழுவிக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்து யாரு? வெரசா வாங்க."