நாற்பத்திரண்டாவது துண்டு

“கிளின்ரனுக்கு நாற்பத்திரண்டு,” என்று செயலாளர் அருள்மலர் வாசித்தபோது, றோஸ்மலர் ஏந்தி நின்ற தேநீர்த் தட்டு சரிந்து, கோப்பைகளின் அடியெல்லாம் நனைந்தது. “தவராசா அண்ணைக்கு நாற்பத்தொண்டு. செபமாலைமுத்து அண்ணைக்கும் நாற்பத்தொண்டு.”

நோர்பரி மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. வென்ற எதிரணிக் கிளின்ரனே வாயைத் திறந்தபடி இருந்தான். பூசை முடிந்து வந்து வாக்களிக்கும் கத்தோலிக்க ஒன்றியத்துக்குப் பதினெட்டு வருடமாக மன்னார் அணியிலிருந்துதான் தலைவர். இம்முறை அணி இரண்டாகி, றோஸ்மலரின் கணவர் தவராசாவும் அண்ணன் செபமாலைமுத்துவும் எதிரெதிரே நின்றார்கள். இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை.

யாருக்குப் போட்டாலும் மற்றவருக்குத் துரோகம் என்றுதான் அவள் கிளின்ரனின் பெயரை எழுதினாள். வெல்லமாட்டாத பெடியன். ஒரு வாக்கில் என்ன வந்துவிடப் போகிறது?

“மச்சான், எங்கட ஆக்களில ஆரோ விளையாடியிருக்கினம்,” என்றார் தவராசா.

“ஓம் மச்சான். கிளின்ரன்ர ஆக்கள் நாற்பத்தொரு பேர்தான். நான் வாசல்ல நிண்டு எண்ணினனான்.” செபமாலைமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “பிள்ளை, அவன்ர துண்டுகளைக் கொண்டுவாரும். எழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பம்.”

“ரகசிய வாக்கெல்லோ அண்ணை,” என்றார் அருள்மலர்.

“எங்களுக்குள்ள என்ன ரகசியம்?”

வெற்றுத் துண்டில் பெயரைக் கைப்பட எழுதுவது ஒன்றியத்தின் வழக்கம். ஞாயிறுதோறும் அறிவித்தல் பலகையில் மன்றாட்டுகளை எழுதி ஒட்டுவது றோஸ்மலர். சபை முழுவதற்கும் தெரிந்த எழுத்து. அது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செபமாலைமுத்து கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தவராசாதான் ஒவ்வொரு துண்டாக மேசையில் பரப்பிப் பார்த்தார். மைத்துனர்கள் தோளோடு தோள் ஒட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு துண்டில் தவராசாவின் விரல் நின்றது. அவர் நிமிரவில்லை.

“றோஸ், தேத்தண்ணியைத் தாரும்.”

அவள் நீட்டிய கோப்பையை வாங்கி, குடிக்காமல், அந்தத் துண்டின் மேல் வைத்தார்.

“ஒண்டும் பிடிபடேல்ல மச்சான்.”

“உம்மட கண்ணாடியை ஒருக்கா இஞ்ச தாரும்.”

தவராசா கண்ணாடியைக் கழற்றவில்லை. ஈரக் கோப்பையின் அடியிலிருந்து நீல மை மெல்ல வெளியே கசிந்து வந்தது.