மலைக்காரியின் பாவாடையில் அரை இஞ்சு

அந்த டெய்லருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் அரை இஞ்சு. எதைத் தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்சு துணியை மடித்து விட்டுவிடுவார். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பார். சட்டைக்கு விட்டார், சரி. பாவாடைக்கு விட்டார், அதுவும் சரி. தலையணை உறைக்குமா? தலையணை என்ன, பிள்ளை பெற்று உடம்பு போடப்போகிறதா என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கை பழகிவிட்டது, நான் என்ன செய்ய என்று இவரும் விட்டுவிட்டார்.

அவர் மனைவிக்குத் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க எடை போட்டு, முத்திரை குத்தி, சீட்டு ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பொம்மை. குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை. அந்தந்த நாட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் உடுத்திய உடுப்பை அச்சுப் பிசகாமல் சின்னதாகத் தைத்துப் போட்ட பொம்மைகள், மொத்தம் முப்பத்தொன்று. கூடத்துக் கண்ணாடி அலமாரி அவர்களுடையது. மீன்காரி, கப்பல்காரன், மூன்று பால்காரிகள், எப்போதும் முறைத்துக்கொண்டே இருப்பதால் மாமியார் என்று பெயர் வாங்கிய ஒருத்தி. பொம்மையின் சட்டைக் கையைப் பார்த்தே இது எந்தக் காலத்து மோஸ்தர் என்று மனைவி சொல்லிவிடுவாள். ஒரு காலத்தில் சில நாட்டுப் பெண்கள் பாக்கெட்டைத் தனிப் பையாக்கிப் பாவாடைக்குள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டார்கள் என்று அவள் சொல்லித்தான், முப்பது வருஷமாகப் பாக்கெட் தைக்கிற இவருக்கே தெரிந்தது.

அலமாரியின் நடுத்தட்டில் நிற்பவள் மலைக்காரி. ஏதோ மலைநாட்டு மணப்பெண். வெள்ளைத் தொப்பி, கறுப்பு வெல்வெட் ரவிக்கை, நாற்பத்திரண்டு மடிப்பு வைத்த நீலப் பட்டுப் பாவாடை. வயது நூறுக்கு மேல். நம்ம டெய்லர் கைவைத்தது அந்தப் பாவாடையில்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவி தன் அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தாள். மலைக்காரி பாவாடை கசங்கிக் கிடக்கிறதே என்று அவள் அங்கலாய்த்தது இவருக்கு ஞாபகம் வந்தது. தேய்த்து வைத்து அசத்திவிடுவோம் என்று கிளம்பினார். அத்தனை வருஷம் துணியோடு புழங்கிய மனுஷன், இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைக்க மறந்தார் என்றால் யார் நம்புவார்கள்? வைத்தார், எடுத்தார், பாவாடையும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் முக்கோணமாகக் கருகிய ஓட்டை.

கடையில் காய்ச்சல் என்று எழுதி மாட்டிவிட்டு வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். ஆல்டரேஷனுக்குக் கொடுத்துவிட்டு யாரோ வாங்க வராமலே போன பழைய கோட் ஒன்று அகப்பட்டது. அதன் உள்துணி ஏறக்குறைய அதே நீலப் பட்டு, அதே மங்கல். கருகியதைப் பிரித்து அளவெடுத்து, மெஷினைத் தொடாமல் இரண்டு நாள் கையாலேயே நாற்பத்திரண்டு மடிப்பும் வைத்தார். பழைய ஓரப் பட்டியை எடுத்துத் திரும்பவும் ஏற்றினார். மாட்டிவிட்டுப் பார்த்தபோது அவருக்கே எது எதுவென்று தெரியவில்லை. கருகிய துணியைக் கழிவுப் பையின் அடியில் திணித்தார்.

மனைவி வந்தாள், அலமாரியைப் பார்த்தாள், காபி போடப் போய்விட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. மறுநாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஒரு மாதம் ஏன் மறைத்தீர்கள் என்பாள். இப்படியே தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

உள்ளே மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலில்தான், பாவாடை கருகியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, நானும் வருகிறேன் என்று அவளோடு பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பினார். அதுவரை ஞாயிறு என்றால் மத்தியானம் வரை போர்வையை விலக்காத ஆள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தப்பவில்லை. பை தூக்கினார், பேரம் பேசினார், மழையில் நனைந்தார். சமீபத்தில் ஒரு ஞாயிறுகூட, பச்சைச் சட்டை போட்ட ஒரு பொம்மையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சண்டை. சட்டைக் கை பிற்பாடு மாற்றித் தைத்தது என்றார் இவர். அசல் கைதான் என்றாள் அவள். வாங்குவதானால் வாங்குங்கள், இல்லையென்றால் வழியை விடுங்கள் என்று கடைக்காரர் இருவரையும் விரட்டிவிட்டார்.

இப்படி இருக்கும்போது அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. உடைகளின் வரலாற்றுக்கென்று ஓர் அறை திறக்கிறார்களாம். முப்பத்தொரு பொம்மைகளையும் அவள் பெயர் போட்டே வைக்க விருப்பமாம். அவள் கடிதத்தை நாலு தடவை படித்தாள். கவுண்டரில் இருபது வருஷமாக அடுத்தவர் பெயரையே ஒட்டிக்கொண்டிருந்தவள் அல்லவா, கண் கலங்கிவிட்டது. பொம்மைக்கு ஒரு படிவமாக முப்பத்தொன்றையும் தானே நிரப்பி, தன் கவுண்டரிலேயே எடை போட்டு அனுப்பினாள். கடிதத்தின் கடைசி வரியில்தான் இவர் கண் நின்றது. உடையில் செய்த மாற்றம் எதையாவது மறைத்திருந்தால் தொகுப்பு முழுவதும் நிராகரிக்கப்படும்.

இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று பத்து நாள் மென்று விழுங்கினார். பதினோராம் நாள் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தேவிட்டார். துணிகளைப் பரிசோதிக்கிறவர். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சின்ன டார்ச். உட்காரச் சொன்னதற்குக்கூட உட்காரவில்லை. மீன்காரி தேறினாள். கப்பல்காரனின் பொத்தானைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மாமியாரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதுகிறவள்போல விறைப்பாகப் பக்கத்தில் நின்றாள். டெய்லர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

மலைக்காரியின் முறை வந்தது. அம்மாள் மடிப்புகளை எண்ணினார். ஓரப் பட்டியைப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். டெய்லருக்குப் போன மூச்சு பாதி திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாள் பாவாடையை உள்பக்கம் புரட்டினார்.

"இங்க அரை இஞ்சு துணி உள்ள விட்டிருக்கே" என்றார்.

அடப்பாவி கையே! நூல் முடிச்சைக்கூட ஒளித்து வைத்தவர் இதை யோசிக்கவே இல்லை. எந்தப் பொம்மைக்காரன் ஒரு பொம்மைக்குப் போய் உள்துணி விடுவான்? பொம்மை என்ன, உடம்பு போடப்போகிறதா? டெய்லர் மனைவியைப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். முப்பத்தொன்றும் போச்சு, அவள் பெயரும் போச்சு, எல்லாம் என் கையால் போச்சு என்று நினைத்த மாத்திரத்தில் கால் தானாக முன்னே வந்தது.

"அது நான் தெச்சதுங்க. தேய்க்கப் போயி கருக்கிட்டேன். இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. இவ எதையும் மறைக்கல. தப்பு முழுக்க என்னோடது, மத்த பொம்மைய விட்டுடாதீங்க."

அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தன் கோப்பைப் பிரித்து ஒரு படிவத்தை உருவிச் சத்தமாகப் படித்தார்.

"பாவாடை மாற்றப்பட்டது, ஆறு வருஷத்துக்கு முன். தைத்தவர் என் கணவர். முழுக்கக் கைத்தையல், நாற்பத்திரண்டு மடிப்பும் சரி. உள்ளே அரை இஞ்சு விட்டிருக்கிறார். பொம்மை பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். கருகிய அசல் இத்துடன்."

படிவத்தோடு ஓர் உறை. உறைக்குள் முக்கோணமாகக் கருகிய நீலப் பட்டு. கழிவுப் பைக்குள் கைவிட்டு அவள் எடுத்து வைத்திருக்கிறாள், ஆறு வருஷமாக.

தன் வேலையில் இவ்வளவு நேர்மையான படிவத்தைப் பார்த்ததில்லை என்றும், முப்பத்தொன்றையும் எடுத்துக்கொள்வதாகவும், மலைக்காரியின் சீட்டில் தைத்தவர் என்று டெய்லரையும் போடப்போவதாகவும் சொல்லிவிட்டு அம்மாள் கிளம்பிப் போனார். டெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷ பாரம் இறங்கியதில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, கடைசியில் இரண்டும் சேர்ந்து வந்தது.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "முதல்ல நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை கூட வர ஆரம்பிச்சிட்டீங்க. நான் சொல்லிட்டா அது நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு."

தனக்கு மட்டும்தான் பயம் என்று அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வண்டி வந்து பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஞாயிறு காலை காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். டெய்லர் செருப்பை மாட்டிக்கொண்டு, தோளில் பையும் கையில் குடையுமாக நின்றிருந்தார்.

"இனிமே நீங்க வரணும்னு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அந்தப் பச்சைச் சட்டைக்காரிய வேற யாராவது வாங்கிட்டுப் போயிடப்போறாங்க" என்றார் அவர். "அந்தக் கை மாத்தித் தெச்சதுதான். நீ வா, பிரிச்சே காட்டறேன்."