ஜன்னலுக்கு நேரே நின்றவள்

1

இந்தக் கதை என் வீட்டுக்காரரால் வந்தது. போன மாதம் அவர் கிட்டார் வாசித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

கதையில் வருகிறவளுக்கு அந்த வசதி இருக்கக் கூடாது. அதனால் அவளை மலாயாவின் அவசரகாலத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன். 1955, கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து மாலையில் முள்வேலிக் கதவைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள்.

2

மவுரீன் அழகான பெண்... (வேண்டாம்.)

ஹியூபர்ட் கெட்டவன் அல்ல, ஆனால்... (இப்படித் தொடங்கினால் நீங்களே சந்தேகப்படுவீர்கள்.)

சரி. வேலி விளக்குகளுக்காக ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி ஹியூபர்ட் தன் ஆம்ப்ளிபையரைப் போடுவான். ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் கிட்டாரோடு சேர்த்து வாங்கியது. கௌபாய் பாட்டுகளில் வரும் சத்தம் அவனுக்கு வேண்டும். கரகரப்பே இல்லாமல், சுண்டியதும் 'டொய்ங்' என்று துள்ள வேண்டும். கனத்த பேஸைக் குறைத்தான். கூர்மையான ட்ரெபிளைக் கூட்டினான். கம்பியை அடிப்பக்கமாக, கம்பி தாங்கும் கட்டையை ஒட்டிச் சுண்டினான்.

(குறிப்பு: ஆம்ப்ளிபையர் பெட்டி தரையில் இருக்கிறது, வாசிக்கிறவன் காது மேலே. கூர்மையான சத்தம் நேராகப் போய்விடும். அவனுக்குச் சரியாகக் கேட்காது. எதிரே நின்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இந்தக் கதையின் பொறாமை முழுவதும் அந்த ஓர் ஆளைப் பற்றியதுதான்.)

"அண்ணை, காதுக்குள்ளை குத்துது. ட்ரெபிளைக் கொஞ்சம் குறையுங்கோ!"

பக்கத்து வீட்டு ஜன்னலில் சரோஜினி, பெரிய கிராணி துரைசிங்கத்தின் தங்கை.

"இப்ப?"

"இப்ப நல்லாயிருக்கு. பேஸ்தான் காணாது."

அண்ணை என்றுதானே கூப்பிடுகிறாள் என்பீர்கள். அதை அவன் மனைவி மவுரீனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

3

மவுரீன் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்க்காமலேயே பெயர் சொல்லுவாள். முதல் நாள் ஹியூபர்ட் அவளைத்தான் கேட்டான். கருவாடு பொரித்துக்கொண்டிருந்தவள், "நல்லாத்தாங்க இருக்கு" என்று கரண்டியைத் தட்டினாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. (இந்தப் பத்தியை அடித்துவிட நினைத்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றார்.)

"சனிக்கிழமை கிளப்புல வாசிக்கிறேன்" என்றான் ஹியூபர்ட். "சரோஜினி முன்னுக்கு நின்னு கேட்டுச் சொல்லும்."

"அப்ப நான் எதுக்கு லா? கிட்டார் தூக்கவா?"

"ஒனக்குத்தான் பாடற்குழு இருக்கே."

"ஆமாங்க. அங்கதான் எனக்குக் காது இருக்கு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகாமல், பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"அண்ணை, சத்தம் மங்கிப்போச்சு!"

"தள்ளு மவுரீன், மறைக்கிற."

"மறைக்கத்தான் நிக்கிறேன்." பிறகு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "என்னையக் கேளுங்களேன்."

4

அவன் கேட்டான், அவள் ட்ரெபிள் திருகைத் திருப்பினாள், இருவரும் சிரித்தார்கள். என் வாசகிகளுக்கு இது பிடிக்கும். எழுதி, அடித்துவிட்டேன். நடந்தால்தானே?

அவள் சுவிட்சை அணைத்தாள்... இது என் அம்மாவுக்குப் பிடிக்கும்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஹியூபர்ட் ஒரு முறை சுண்டினான். நிமிர்ந்து, "எப்படி?" என்றான். அவன் பார்த்த திசையில் மவுரீன் நிற்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், சரோஜினியின் ஜன்னல். இரண்டு பெண்களும் வாயைத் திறக்கிறார்கள்.

பேனா என்னிடம் இருந்தால் மவுரீன்தான் முந்துவாள். என்னால் நியாயமாக எழுத முடியாது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம். கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.