மூன்று மரை

நட்டு இரண்டாகப் பிளந்துவிடவில்லை. ஓர் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் அது மரத்தைக் குடையும் ரூட்டர் மிஷினின் காலெட் நட்டு. சுழல்தண்டான ஸ்பிண்டிலின் நுனியில் கத்தியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றுகிற சாமான். விரிசலோடு அதை மாட்டி ஓட்டினால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும், யார் வயிற்றில் போய் நிற்கும் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். எஸ்றா சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் அது. எஸ்றாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, சொந்த ஊர் நாசரேத். இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் மரத்தில் அதேபோல் ஒன்று செய்தாக வேண்டும். மணலில் அதைப் பதித்து எடுத்த குழியில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த மர பேட்டர்ன் செய்வதுதான் அவர் தொழில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் உளிக்கு அப்படி ஒரு பெயர். பெயர் இன்னும் இருந்தது, கைதான் இல்லை. இரண்டு வருஷமாக வலது கை நடுங்கியது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. வீட்டில் மனைவி கிருபை அவருக்குக் காப்பியை டம்ளரில் பாதிக்குமேல் ஊற்றுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த மிஷின். கிழக்கு ஜெர்மனியில் செய்தது, வேறெங்கோ போகவேண்டியது, பெட்டி நனைந்துபோனதால் துறைமுக ஏலத்துக்கு வந்தது. வளைவும் குழிவும் அது பார்த்துக்கொள்ளும். எஸ்றா பக்கத்தில் நின்று பிடியைத் தள்ளினால் போதும். நியாயமாகப் பார்த்தால் நட்டு விரிந்ததற்கும் அவரேதான் காரணம். தன் பிடியில் நம்பிக்கை போய்விட்டதால் ஒவ்வொரு முறையும் ஸ்பானரில் குழாயைச் செருகி, தேவைக்கு இரண்டு மடங்கு இறுக்கிக்கொண்டிருந்தார்.

வார்ப்படப் பட்டறை வீரபாகு அன்று காலையிலேயே வந்துவிட்டார். உப்பளத்துப் பம்புகளுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் வார்க்க வேண்டும், தை பிறந்துவிட்டது, சனிக்கிழமை உலை மூட்டியாக வேண்டும். மிஷின் நின்றுபோன விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"மிஷின் கெடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க உளியெடுத்தா மிஷின் எதுக்கு? சனிக்கெழம காலைல வாரேன். பக்கத்துல உக்காந்து பாக்கணும், எத்தன வருசமாச்சு."

அவர் பாராட்டிவிட்டுத்தான் போனார். சனிக்கிழமைக்குள் நட்டு கிடைக்கவில்லையென்றால், எஸ்றா வீரபாகுவின் கண்ணெதிரே உளியைப் பிடித்தாக வேண்டும்.

மிஷின் செய்தவனுக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஆடி மாதமாகும். ஆகவே பொருந்துகிற நட்டை ஊரிலேயே தேட வேண்டும். தேடுமுன் அளக்க வேண்டும். இதில் அளக்க வேண்டியது ஸ்பிண்டிலை. விரிந்த நட்டு சொல்லும் அளவை யார் நம்புவார்கள்? ஆனால் ஸ்பிண்டிலை அளக்க மிஷின் தலைக்குக் கீழே குனிந்து அளவுக் கருவியான வெர்னியரை அந்தரத்தில் ஆடாமல் பிடிக்க வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் சிவனாண்டி எதிரிலேயே பலகை சீவிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது முப்பத்தைந்து, கண் பொல்லாத கண். கை ஆடுவது அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று எஸ்றா விரிந்த நட்டையே மேஜைமேல் வைத்து அளந்தார். ஒரு அங்குல நட்டுக்கு என்ன வர வேண்டுமோ அது அச்சாக வந்தது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைக்குத் தூத்துக்குடிப் பட்டறைகளில் அங்குலமும் நூலும்தான் வேதம். மில்லிமீட்டர் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலைவலி. ஜெர்மன்காரன் எந்தக் கணக்கில் திருகுச் சுற்றை, அதாவது மரையை, வெட்டியிருப்பான் என்று யோசிக்க அங்கே ஆளில்லை.

இரண்டு நாள் அலைந்தார். ஹார்டுவேர் கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பழைய துறைமுகச் சாலையில் மந்திரமூர்த்தியின் பழைய இரும்புக் கடைக்குப் போனார். மந்திரமூர்த்தி கப்பல்களில் கழித்துப்போடும் சாமான்களை டின் டின்னாக வைத்திருப்பவர். அரை நாள் கிளறி இரண்டு நட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எஸ்றா வெர்னியரை விட்டார். ஒன்று சரியாக அங்குலம். மற்றது மயிரிழை குறைவு. குறைந்ததை ஒதுக்கித் தள்ளினார்.

ரெண்டையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்க, ஆகாததைத் திருப்பிக் கொடுங்க என்று மந்திரமூர்த்தி சொன்னார். அந்தக் கடையில் எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள். எஸ்றாவுக்கு அது குறைச்சலாகப் பட்டது. நாற்பது வருஷம் அளந்த ஆளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரியாதா? ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவனாண்டி சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, நட்டை ஸ்பிண்டிலில் வைத்துத் திருகினார். லொடலொடவென்று மூன்று மரை ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது. கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடியும் திருகினார். மூன்று மரை. விரல்கள் உதறின. நட்டு கோணலாகப் பிடிக்கிறது, நேராகப் பிடிக்கத் தன் கைக்குத் துப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. நட்டில் கோளாறு இருக்கலாம் என்ற நினைப்பே எழவில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டு ஒரு தடவை ஏற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

நட்டு கையால் கடைசிவரை ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்பானர் என்பது எந்தப் பட்டறையிலும் முதல் பாடம். அதை மீறியவர்களை எஸ்றா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசியிருக்கிறார். இப்போது அவரே ஸ்பானரை எடுத்தார், குழாயைச் செருகினார், உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். ஒரு சத்தம் கேட்டது. இரும்புச் சுருள் ஒன்று தரையில் விழுந்தது.

சிவனாண்டி திரும்பி வந்தபோது அவர் ஸ்டூலில் இருந்தார், ஸ்பானர் மிஷினிலேயே தொங்கியது. அவன் நேராக மிஷினிடம் போனான். நட்டைக் கழற்ற அரைமணி நேரம் ஆனது. ஸ்பிண்டிலில் முன்பக்கத்து மரைகள் கிழிந்திருந்தன, உள்ளே இருந்தவை தப்பியிருந்தன. முக்கோண அரத்தால் கிழிசலைச் சீவித் திருத்தினான். பிறகு அதே நட்டைத் தன் மூன்று விரலால் பிடித்து மெதுவாக ஏற்றினான்.

"இங்கன வந்து பாருங்க அண்ணாச்சி. எனக்கும் மூணு மரைதான் ஏறுது."

எஸ்றா எழுந்து வந்தார். இரண்டு வருஷமாகச் சொல்லாததை அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் கைதான் சரியில்லன்னு நெனச்சேம்ல."

சிவனாண்டி நட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கை சரியில்லதான் அண்ணாச்சி. ஆனா இந்த நட்டும் சரியில்ல."

சிவனாண்டி வெர்னியரை எடுத்துக் கீழே குனிந்து ஸ்பிண்டிலை அளந்தான். அங்குலத்துக்கு மயிரிழை குறைவு, இருபத்தைந்து மில்லிமீட்டர்; விரிசல்தான் பழைய நட்டை அங்குலமாக அகட்டியிருந்தது. தான் ஒதுக்கித் தள்ளிய நட்டைப் பற்றி எஸ்றா சொன்னதும் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்திரமூர்த்தி கடைக்குப் போய், அதோடு வந்தான். அதைத் தான் மாட்டாமல் அவரிடம் நீட்டினான். எஸ்றா வாங்கி வைத்துத் திருகினார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நட்டு பாட்டுக்கு ஏறி, கிழிந்த இடத்தையும் தாண்டிக் கடைசிவரை போய் உட்கார்ந்தது. கத்தியைக் கவ்வும் காலெட்டும் அதனுள் கச்சிதமாகப் பொருந்தியது.

சனிக்கிழமை காலையில் இம்பெல்லர் பேட்டர்ன் மேஜைமேல் தயாராக இருந்தது. வீரபாகு சொன்னபடியே வந்து, எஸ்றாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வந்ததற்கு ஓரத்தையாவது உளியால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டச் சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது; வேலை இருக்கிறது என்று எஸ்றா எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இவன் செய்வான். எனக்குக் கை நடுங்குது" என்று சொல்லி உளியைச் சிவனாண்டியிடம் கொடுத்தார்.

வீரபாகு அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். சரி என்றார். பிறகு எழுந்து, ஸ்டூலைத் தூக்கிச் சிவனாண்டியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.