ஏழாம் நம்பர் மலையின் படம்

நல்லமுத்துவின் சிறுநீரகங்களுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களில் அழற்சி என்று கண்டியில் படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்து ஏற்றி எடுத்த படம். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு தண்டு, பல கிளைகள், கிளை நுனிகளில் குருமிளகு போல வீக்கம். இருபது வருடம் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய நல்லமுத்து என்னிடம், "நம்ம செடி மாதிரியே இருக்கு அண்ணே" என்றான்.

வியாழக்கிழமைக்குள் படத்தோடு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் சேர வேண்டும், தாமதித்தால் சிறுநீரகம் இரண்டும் போய்விடும் என்பது வைத்தியரின் உத்தரவு. அன்றைக்குப் புதன். கால் வீங்கிய நல்லமுத்துவால் கொட்டகலை பஸ் வரைகூட நடக்க முடியாது. தோட்டத்து ஆம்புலன்ஸ் இருக்கிறது; அதற்குள் மூன்று வருடமாக ஒரு கோழி அடைகாக்கிறது. நேர்மையான கோழி. ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

ஆகவே தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்பைக் கேட்க அவனைக் கைத்தாங்கலாக ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் விஷயத்தைச் சொல்லுமுன் துரை படத்தை வாங்கி ஜன்னலில் பிடித்தார். ஓரத்தில் நல்லமுத்துவின் பெயர் அச்சிட்டிருந்தது. ஆனால் துரைக்கு ஆட்களின் பெயரை வாசிக்கும் பழக்கம் இல்லை. அவர் முகம் வெளுத்தது. நான் ஏழு துரைமாரைக் கண்டவன். எவர் முகத்திலும் அப்படியொரு கவலையைக் கண்டதில்லை.

"எந்த மலைச் செடி இது?"

நல்லமுத்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். வீக்கம் குறைந்த காலாகப் பார்த்து மிதித்தேன்.

"ஏழாம் நம்பர் மலைங்க," என்றேன்.

"கெளை பூரா வீங்கிக் கெடக்கு. ஏன் முன்னமே சொல்லல?"

"ஆறு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோமுங்க. கண்டியில ஒரு பெரியவரு இதைப் பார்க்கிறாரு. நாளைக்குள்ள போகாட்டி ரெண்டும் போயிருமாம்."

"ரெண்டு ஏக்கரா?"

நான் பொய் சொல்வதில்லை. அதனால் பேசாமல் நின்றேன்.

பத்து நிமிடத்தில் ஜீப் வந்தது. செடியைப் பற்றி விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்று நல்லமுத்துவை முன் சீட்டில் ஏற்றினார்கள். கண்டிப் பாதையின் கினிகத்தேனை வளைவுகளில் படம் குலுங்கக் கூடாது என்று டிரைவருக்குத் துரையே உத்தரவிட்டார்.

மருந்து அன்றே ஏறியது. மூன்று வாரத்தில் சிறுநீரகங்கள் இரண்டும் தப்பின. வைத்தியர் கொடுத்தனுப்பிய கடிதத்தின் எழுத்து துரைக்கு விளங்கவில்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டு நானே வாசித்துக் காட்டினேன்: ஆறு மாதம் வேலை வாங்கக் கூடாது, முழு ஓய்வு, மாதம் ஒருமுறை கண்டியில் காட்ட வேண்டும்.

துரை உடனே அனுமதித்தார், ஏழாம் நம்பர் மலைக்கு. இப்போது அங்கே கொழுந்து எடுப்பதில்லை, கத்தி படுவதில்லை. ஓய்வு கலையாமல் பார்த்துக்கொள்ள நல்லமுத்து காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். மலையைக் கண்டிக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் மாதாமாதம் ஜீப்பில் அவன் போய் வருகிறான்.

போன மாதம் புதுப் படம் வந்தது. வீக்கம் பாதி வற்றிவிட்டது. துரை அதை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்து, செடி தேறிவருவதாகத் தலைமை ஆபீசுக்கு எழுதினார். தோட்டத்துப் பதிவேட்டின்படி நல்லமுத்துவுக்கு இதுவரை ஒரு நாளும் உடம்புக்கு முடியாமல் போனதில்லை.