மாத்திரைக்கு முந்தின ரத்தம்

என் தம்பியின் வயிற்றுக்குள் இருப்பது என் சிறுநீரகம். அந்த உரிமையில் தினமும் காலையில் கேட்பேன்: "என் சாமான் எப்படிடா இருக்கு?"

"உன்னை மாதிரிதான்க்கா. ராத்திரி பூரா தூங்க விடல" என்பான். தையற்காரன். கத்தரிக்கோலைவிட வாய்க்குத்தான் கூர் அதிகம்.

சில மாதமாக அந்த வாய் அடங்கிக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறை ரத்தம் எடுத்தபோதும், என் சிறுநீரகத்தை அவன் உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரையின் மருந்து ரத்தத்தில் அதிகம் என்று சொல்லி அளவைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க கிரியேட்டினின் ஏறியது. சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம். எனக்குப் பயம் வந்தது. கொடுத்தது வீணாகிறதே என்றில்லை. இன்னொன்று கொடுக்க என்னிடம் இல்லையே என்று.

போன வாரம் புதிதாக வந்த டாக்டரம்மாதான் கேட்டார். "மாத்திரை போட்டுட்டா ரத்தம் குடுக்க வர்றீங்க?"

"எட்டு மணிக்கு டாண்ணு போட்டுடுவேன் மேடம். நேரம் தவறினா கிட்னி போயிடும்னு சொன்னாங்களே" என்றான் தம்பி, பெருமையாக.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ரத்தத்தை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டுமாம். பின்னால் எடுத்தால் மருந்து பொய்யாக ஏறித்தான் தெரியுமாம். நகரத்துக்காரர்கள் காலையில் நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் கிளம்பவே எட்டு மணி. வந்து சேர மதியம். எனக்கா தெரியாது? அந்த பஸ்ஸை ஓட்டுகிறவளே நான்தான்.

கூட நின்ற எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "பக்கத்துல இருக்கறவனுக்கு நிஜ ரிசல்ட்டு, தூரத்துல இருக்கறவனுக்குப் பொய் ரிசல்ட்டா? கிட்னிக்கு ஊர் வித்தியாசம் தெரியுமா மேடம்?"

"கத்தாதீங்க. நியாயமாத்தான் கேக்கறீங்க. உங்க ஊர் கிளினிக்லயே எடுத்து, ஐஸ் பெட்டியில மதியம் ரெண்டு மணிக்குள்ள இங்க வந்துடுமா? லேப்ல நான் பேசறேன்."

"வந்துடுமாவா? நானே கொண்டாறேன்!"

இன்று முதல் பயணம். கிளினிக் நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தம்பியின் ரத்தக் குழாயோடு இன்னும் ஆறு குழாய்கள். சுற்றுவட்டாரத்தில் கிட்னி மாற்றினவர்கள் இத்தனை பேர் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. தம்பி அப்போதுதான் மாத்திரையை விழுங்கிவிட்டு, "பாத்துக்கா, உன் சாமானோட ஜாதகமே அதுக்குள்ளதான் இருக்கு" என்று கையாட்டினான்.

பாதி வழியில் டயர் பஞ்சர்! கண்டக்டர் பெட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். தினமும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் மீசைக்காரர்தான் முதலில் இறங்கினார். "ஏய், வேடிக்கை பாக்காதீங்க, கல்லை எடுத்து வீலுக்கு முட்டுக் குடுங்க!" ஒருவர் ஜாக்கியைச் சுழற்றினார். ஒரு பெண் பெட்டியை மடியில் வைத்துக் குடை பிடித்தாள், பச்சைப்பிள்ளைக்குப் பிடிப்பதுபோல. மறுபடி வண்டியை எடுத்தபோது பஸ்ஸே கைதட்டியது. நடுவில் இறங்க வேண்டியவர்கள்கூட, நேரம் வீணாகக் கூடாதென்று, வண்டி முழுதாக நிற்பதற்குள் குதிக்கத் தயாராகப் படியில் நின்றார்கள். பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் திரும்பும் பயணத்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். டாக்டரம்மாவே வாசலுக்கு ஓடி வந்தார்.

"உங்க தம்பி ரத்தத்துல மருந்தோட நிஜ அளவு ரொம்பக் கம்மி! பொய்க் கணக்கை நம்பி இத்தனை நாளா கிட்னியைப் பட்டினி போட்டிருக்கோம். இன்னைக்கே கூட்டறோம். நல்லவேளை, காப்பாத்திடலாம். பெட்டியில வந்த இன்னும் மூணு பேருக்கும் இதே கதைதான். இனி வாரா வாரம் அனுப்புங்க."

தம்பிக்கு போன் போட்டேன். "டேய், என் சாமான் பசியிலதான்டா அழுதிருக்கு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப இனிமே நல்லாச் சாப்பாடு போடறேன்க்கா" என்றான்.

கண்ணீர் கண்ணை மறைத்தது. இத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறைகூட ஹாரன் அடித்ததில்லை நான். அடிப்பவர்களைத் திட்டுகிறவள். இன்று கையை எடுக்காமல் அழுத்தினேன்.

போலீஸ்காரர் ஓடி வந்தார். "ஆஸ்பத்திரின்னு தெரியலையாம்மா?"

"தெரியும் சார். தூரத்து ஊர்லயும் ஆள் இருக்குன்னு உள்ளே இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்னுதான்."