ஆட்டுக்கு வாங்கிய குளிகை

"முக்குங்க. ரெண்டு சொட்டாவது வரும்," என்று அம்சவல்லி கணவனின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சுப்புராயன் முக்கினான். கீழே வைத்த பீங்கான் கிண்ணம் காய்ந்தே கிடந்தது. விரிசல் என்று சூளையில் ஒதுக்கியதை, வேலை பார்க்கும் பீங்கான் பாக்டரியிலிருந்து அவனே கொண்டுவந்திருந்தான். நேற்றும் அதில் ஒன்றும் விழவில்லை.

"மஞ்சக்காமாலைன்னா அப்பிடித்தான். கீழாநெல்லி உள்ள போயிருக்குது, எறங்கிடும்," என்றாள் அவன் அக்காள் ராஜம்மாள், அடுத்த வேளைக்கு அரைத்துக்கொண்டே.

அம்சவல்லி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். போன வாரம் அங்கே இரண்டு ஆடுகள் இப்படித்தான் போயின. முதலில் தழை தின்னவில்லை. அப்புறம் கண் மஞ்சளாயிற்று, மூத்திரம் நின்றது. கடைசியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றன. ஈரல் புழுவுக்கென்று மங்கலம்பேட்டைச் சந்தையில் எவனோ விற்ற குளிகை செய்த வேலை. அறுத்துப் பார்த்த கசாப்புக்கடைக்காரர், "ஈரலு களிமண்ணாட்டம் கெடக்குது, மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காயி வீங்கி வெளுத்திருக்குது. நாய்க்குக்கூடப் போடாதீங்க," என்று கையைக் கழுவிக்கொண்டார்.

மூன்று ஆட்டுக்குப் போக ஒரு குளிகை மிஞ்சியது. சுப்புராயன் ஊசிப்போன குழம்பைக்கூடக் கொட்ட விடாதவன். "ஆட்டு வவுத்துல இருக்கறதும் புழுதான், என் வவுத்துல இருக்கறதும் புழுதான்," என்று அன்றைக்கே சாராயத்தோடு விழுங்கிவிட்டான். கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா! ஆடுகள் செத்த பிறகுதான் அவளிடம் சொன்னான்.

"எவங்கிட்டயும் சொல்லிடாத. சூளைக்காரனுங்க என்னப் பாத்தா மே மேன்னு கத்துவானுங்க. உன் தாலி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். சொன்னால் தாலிக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்று அன்றிலிருந்து தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

சுப்புராயன் மெல்ல எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

"அண்ணி!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இது காமாலை இல்ல. ஆட்டுக் குளிகையத் தின்னுட்டாரு. ஆஸ்பத்திரிக்கி வண்டி கட்டச் சொல்லுங்க!"

"அடிப்பாவி! இத இப்பத்தான் சொல்றியா?" ராஜம்மாள் அரைத்த கையோடு தெருவுக்கு ஓடினாள்.

சுப்புராயன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா," என்றான்.

வண்டி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் பிணம் எடுக்கும்போது சூளை ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சங்கதி அவர்களுக்கும் எட்டிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அதே குளிகையைத் தின்றும் கொட்டகையில் மிஞ்சியிருந்த ஆடு 'மே' என்று கத்திற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும், "வூட்டக் கழுவணும், வாம்மா," என்று ராஜம்மாள் கூப்பிட்டாள். அம்சவல்லி காதில் வாங்காமல் கொட்டகைக்குப் போனாள். ஆடு காலை அகட்டி நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. மண் நனைந்து அவள் காலடி வரைக்கும் ஓடி வந்தது.

அது பெய்து முடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.